ஆறாவது கம்பி

பாய்லர் ஆலையில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஓட்டை உடைசல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது பதினோரு வருடமாக அவள் வேலை. பயந்த சுபாவம். வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தால்தான் படியிறங்குவாள்.

"உன் பயத்துக்குத்தான்டி சம்பளம் குடுக்கறாங்க" என்பான் கணவன். அவனுக்கும் அங்கேதான் வேலை. புது பாய்லரில் முதல் தடவை நீராவி ஏற்றும்போது பக்கத்தில் நின்று வால்வைத் திறப்பவன்.

எக்ஸ்ரே கருவிக்குக் கிழடு தட்டிவிட்டது. படமெல்லாம் மணல் தூவினாற்போல் வரும். அதற்காகத்தான் திங்கட்கிழமை கணினியில் ஒரு ஃபில்டர் போட்டுக்கொண்டாள். தனித்து நிற்கும் புள்ளியை அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊரோடு ஒத்துப்போக வைத்துவிடும் அது. படம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. கண்வலிகூடக் குறைந்தது.

வியாழக்கிழமை மூன்றரை மணி வாக்கில் வெல்டர் வாசலில் வந்து நின்றான்.

"என்னக்கா, இந்த வாரம் ஒண்ணுகூடத் திருப்பி அனுப்பலையே! பூதக்கண்ணாடிக்குப் பூஞ்சை புடிச்சிருச்சா?"

"உனக்கு இப்பத்தான் கை படிஞ்சிருக்கு, போ!"

அவன் போனதும் சிரிப்பு நின்றது. ஒன்றுகூடவா இல்லை?

ஒவ்வொரு படத்திலும் வெல்டிங்மேல் ஆறு கம்பிகள் வைத்திருப்பார்கள், ஒன்றைவிட ஒன்று மெல்லியதாக. முடியளவு ஆறாவது கம்பி தெரிந்தால்தான் படம் செல்லும். அவள் கம்பிகளை எண்ணி முடித்த பிறகே ஃபில்டரைப் போடுவாள். போட்ட பிறகு எண்ணியதே இல்லை. இப்போது எண்ணினாள். நான்கு.

கம்பியையே விழுங்கியது ஊசிமுனை ஓட்டையை விட்டுவைக்குமா? மணி மூன்று ஐம்பது. நேற்று அவள் கையெழுத்திட்ட பாய்லரில் நான்கு மணிக்கு நீராவி ஏற்றப் போகிறார்கள். அதற்கு மட்டும் நாற்பத்திரண்டு படங்கள். திரும்பப் பார்க்க ஏது நேரம்? சோதனைக்கூடத்துக்கு போன் போட்டாள். மேற்பார்வையாளர் எடுத்தார்.

"நிறுத்துங்க சார். என் கையெழுத்து செல்லாது."

"என்னம்மா விளையாடறியா? எந்த இடத்துல ஓட்டை, அதைச் சொல்லு."

"தெரியாது சார்."

"தெரியாமலே நிறுத்தறதா? ஒண்ணும் இல்லேன்னு ஆச்சுன்னா உன் வேலை போயிடும்."

"போகட்டும். அவரை அங்கேருந்து நகரச் சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மறுமுனையில் உறுமிக்கொண்டிருந்த பாய்லர் அடுப்பின் சத்தம் மெல்ல அடங்கியது.

ஃபில்டரை எடுத்துவிட்டு முதல் படத்திலிருந்து தொடங்கினாள். மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்து பின்னால் நின்றார். கூடவே அவள் கணவனும். பத்தொன்பதாவது படத்தில், மணலுக்கு நடுவே ஏழு கறுப்புப் புள்ளிகள், எறும்பு வரிசையாக. வால்வுக்கு ஒரு முழம் மேலே. கணவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டான்.

மேற்பார்வையாளர் திட்டவில்லை. "எப்பலேர்ந்து இந்த ஃபில்டர்?"

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"செவ்வாய்க்கிழமை ஒரு பாய்லர் லாரி ஏறிடுச்சேம்மா…"

"எங்க சார் போச்சு?"

"துணி துவைக்கற கம்பெனிக்கு. இன்னைக்குக் காலையிலேயே ஓட விட்டுட்டாங்களாம்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கம்பெனி நம்பரை அழுத்தினாள். மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.