டாக்டரிடம் நான் சொன்ன பொய்

நல்லவளாக இருக்கப் போய் நான் ஏமாந்த கதை இது. பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். பக்கத்துத் தோப்புக்காரரின் தென்னை ஒன்று, வண்டு துளைத்து, பாதைப் பக்கம் சாய்ந்து நின்றது. "வெட்டிடுங்க மாமா" என்று மூன்று முறை சொன்னேன். "அதெல்லாம் விழாதும்மா" என்றார். போன ஆடிக் காற்றில், ஸ்கூட்டரில் போன என் தோளில் அடித்து விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவரே காரில் கூட்டிப் போனார். வழியெல்லாம் கெஞ்சினார். "மரம்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும்மா. வண்டி சறுக்கிடுச்சுன்னு சொல்லிடு. வைத்தியச் செலவு என் பொறுப்பு." அக்கம்பக்கத்து உறவு கெட வேண்டாமென்று டாக்டரிடம் அப்படியே சொன்னேன். விபத்துப் பதிவேட்டிலும் அப்படியே ஏறியது.

ஆபரேஷன் முடிந்து செலவைக் கேட்கப் போனபோது, வாசலிலேயே நிறுத்திவைத்துச் சொன்னார்: "நீ வண்டியில விழுந்ததுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"

வக்கீல் பதிவேட்டு நகலைப் பார்த்தார். "மரத்துக்காரர்கிட்ட நஷ்டஈடு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. உங்க வாயாலயே அதைக் கெடுத்துட்டீங்களே!"

தோளில் பிளேட்டோடு திரிகிறேன். அதே தோப்பில் இன்னொரு தென்னையும் சாய்ந்திருக்கிறது. இந்த முறை வாயால் சொல்லவில்லை. படமெடுத்து, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டையை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அந்த நோட்டீஸில் 'மாமா' என்று எழுதவில்லை. இனிஷியலோடு முழுப் பெயரையும் எழுதினேன்.