அவளுக்கு அடுத்த இடம்

என் மனைவி வீட்டில் ஒரு பல்லியையும் விட்டுவைக்க மாட்டாள். முதல் அடியிலேயே கொன்றால் மறுமைக்கு நூறு நன்மை, இரண்டாம் அடிக்குக் குறையும் என்று தும்புத்தடியோடு நிற்பாள். அவள் காணுமுன் நான் ஒன்றிரண்டை ஜன்னலால் விரட்டிவிடுவேன். "எண்ட நன்மையக் களவெடுக்கிறீங்க" என்பாள்.

அவள் மௌத்தாகி நான்கு வருடம். மையவாடியின் மேற்கு ஓரத்தில், கிழட்டுப் பாலை மரத்தடியில் அவளை அடக்கிய கபுறு. அதற்கு அப்பால் பற்றைக்காடு, பிறகு கடல். இடம் குறைந்து வருவதால் மரத்தைத் தறிப்பதாக இருந்தார்கள். தறித்தால் மூன்று கபுறு தோண்டலாம். அவளை ஒட்டியது எனக்கென்று பள்ளிவாசல் தலைவரிடம் சொல்லிவைத்திருந்தேன். யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயத்தில், ஊரில் எவருக்குச் சுகமில்லை என்றாலும் எனக்கு நித்திரை வராது.

இந்த வருடம் பல்லிகளை ஆராயும் பிள்ளைகள் இருவர் வந்தார்கள். அந்த மரப்பொந்தில், பட்டையின் நிறத்திலேயே, சுண்டுவிரல் நீளமும் இல்லாத பல்லிகளைக் கண்டார்கள். இதுவரை யாரும் அறியாத இனமாம், பெயர்கூட இல்லை. கனமூலையிலிருந்து ஆலங்குடா வரை தேடியும் வேறெங்கும் அகப்படவில்லை. மரத்தை விட்டுவைக்கச் சொன்னார்கள்.

தலைவர் என்னிடம் படித்தவர். வீட்டுக்கே வந்தார்.

"சேர், எடம் உங்களுக்குச் சொன்னது. நீங்க தறிங்க எண்டா நாளைக்கே தறிப்பம். வேணாமெண்டா மரம் நிக்கட்டும்."

ஒரு நாள் தவணை கேட்டுக்கொண்டு, அஸர் தொழுகைக்குப் பிறகு போய் எண்ணினேன். ஒன்பது பல்லிகள். எண்ணியதையே எண்ணினேனோ என்று மறுபடி எண்ண, ஏழுதான் வந்தது. அவள் தலைமாட்டில் நட்ட மீஸான் கட்டையைப் பார்த்த பக்கத்தில், பட்டை வெடிப்புக்குள் இரண்டு வெள்ளை முட்டைகள், மிளகளவில். அங்கே நின்ற ஆராய்ச்சிப் பெண்பிள்ளையிடம், இவற்றை வேறு மரத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்டேன்.

"ஏலாது சேர். பட்டையோட ஒட்டியிருக்கு. எடுத்தா உடைஞ்சிரும்."

மரம் நிற்கட்டும் என்று தலைவரிடம் சொன்னேன். கிழக்கு மதிலோரம் இடம் தருவதாகச் சொன்னார். அவளுக்கும் அதற்கும் இடையில் எத்தனை கபுறு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. நானே போய் எண்ணினேன். முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன். மதில் இன்னும் தூரத்தில் இருந்தது.

திரும்பி வந்து அவளுக்கு சலாம் சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். உன் பக்கத்தில் இனிப் பல்லிகள்தான் என்றேன்.

போன வெள்ளி பார்த்தேன். இரண்டு முட்டையும் வெறும் கோது. வெளிச்சம் போகுமட்டும் தேடினேன். குஞ்சுகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை.