சம்பந்தியின் வேனில் பெட்ரோல் வாடை

போன செவ்வாய்க்கிழமை காலையில் தென்னந்தோப்பில் காய் பறித்துப் போட ஆள் வந்திருந்தார். நான் மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது மகள் கவிதாவிடமிருந்து போன் வந்தது. "அம்மா, மாமா..." என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மரத்தில் இருந்தவரை இறங்கச் சொல்லிவிட்டு, கட்டியிருந்த சேலையோடு தொண்டாமுத்தூரிலிருந்து கணபதிக்குக் கிளம்பினேன். என் மகளின் மாமனார், என் சம்பந்தி சென்னியப்பன் காலமாகிவிட்டார்.

காரியத்தன்று ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுக்க ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீங்களும் எழுதுங்கள் என்று மாப்பிள்ளை பிரபு கேட்டார். மற்றவர்கள் எழுதியதையும் காட்டினார். பண்பாளர், பழக இனியவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவரைப் பார்த்திராத ஒருவர் இதைப் படித்தால் ஏதோ சாமி படத்துக்கு மாலை போட்ட மாதிரித்தான் இருக்கும். அவர் சாமி இல்லை. நல்ல வீம்பு பிடித்த மனிதர். அந்த வீம்பை எல்லோர் முன்னாலும் கழற்றிப் போட்ட மனிதர். நான் அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை வெட்டிக்கொள்ளட்டும்.

பெண் பார்க்க வந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். கணபதியில் சொந்தமாக மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார், ஒரே பையன் என்பது மட்டும் தெரியும். கவிதா காபித் தட்டோடு வருகிறாள். எல்லோரும் பெண்ணைப் பார்க்கிறார்கள். இவர் மட்டும் மூக்கை உயர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்து எழுந்தே விட்டார். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. கெணத்து மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க, உள்ள சுத்தியிருக்கற காயில் கருகற வாடை வருதுங்க" என்றார். மோட்டார் ரூம் வீட்டிலிருந்து நல்ல தூரம். போய்ப் பார்த்தால் மோட்டார் தொட முடியாமல் கொதிக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கழற்ற உட்கார்ந்துவிட்டார். பெண்ணைப் பார்க்க வந்தவர் மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போகிறாரே என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். இப்படி ஒரு மாமனார் இருக்கிற வீட்டில் என் பெண் நன்றாக இருப்பாள் என்று நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பட்டறையிலும் அவர் மூக்குக்கு அவ்வளவு மரியாதை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து வைத்தால், திறப்பதற்கு முன்னாலேயே மோந்து பார்த்து, எதனால் போயிற்று என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் கொரோனாக் காய்ச்சல் வந்துபோன மறு வருஷம் திடுதிப்பென்று பட்டறைச் சாவியைப் பிரபுவிடம் கொடுத்தார். "போதுமுங்க. இனி ஊர் சுத்தப்போறேன்" என்றார். ஊட்டியில் ஓர் எஸ்டேட்காரரிடம் கிடந்த பழைய பெட்ரோல் வேனை வாங்கி வந்தார். உள்ளேயே படுக்கை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் இருந்தன. கேம்பர் வேன் என்று பிரபு சொன்னார். "நம்ம ஓடற ஊடு" என்றார் சம்பந்தி. பழைய அலமாரியைப் பேர்த்துப் போட்டுவிட்டு, தேக்குப் பலகை வாங்கித் தன் கையாலேயே புதிதாக ஒன்று செய்து மாட்டினார். வருகிறவர்களை எல்லாம் உள்ளே கூட்டிப்போய் அந்த அலமாரிக் கதவைத் திறந்து மூடிக் காட்டுவார். சத்தமே வராது.

சத்தம் வரவில்லை, வாடை வந்தது. ஒருநாள் எங்களை மருதமலைக்குக் கூட்டிப்போனார். வழியில் பெட்ரோல் பங்கில் டேங்க்கை ரொப்பினார். பங்கைத் தாண்டித் திரும்பியதும் குப்பென்று பெட்ரோல் வாடை. நான் வாயைத் திறக்கப்போக, கவிதா தொடையில் கிள்ளினாள். "அம்மா, சும்மா இருங்க. மாமா ஆசை ஆசையாப் பண்ணியிருக்காங்க" என்று காதுக்குள் சொன்னாள். பெண்ணைக் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டு வண்டியைக் குறை சொல்வதா? எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமா அது? சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "அருமைங்க" என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது. அக்கம்பக்கத்தார், பட்டறை ஆட்கள், ஒறம்பரை என்று யார் அந்த வேனில் ஏறினாலும் "நல்லா இருக்குதுங்க" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு இறங்கினார்கள். பிரபு அப்பாவுக்குத் தெரியாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இன்ஜினையும் பெட்ரோல் பைப்பையும் பார்த்திருக்கிறார். எங்கேயும் கசிவு இல்லை. அதோடு அவரும் விட்டுவிட்டார்.

என்னால் அப்படி விட முடியவில்லை. அடுத்த முறை பார்த்தபோது சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஏனுங்க சம்பந்தி, வண்டிக்குள்ள ஏதோ வாடை வர்ற மாதிரி இல்லீங்களா?" அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "எனக்கு ஒண்ணும் வரலீங்களே" என்றார். கிணற்று மோட்டாரைக் கூடத்தில் உட்கார்ந்தே கண்டுபிடித்த மூக்கு அது. அதுவே இல்லை என்று சொன்ன பிறகு நான் என்ன பேச? என் மூக்கின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேரனுக்கு ஒரு வயது ஆனதும் குலதெய்வம் கோயிலில் முடியெடுக்க முடிவாயிற்று. கோயில் காங்கேயத்துக்கு அந்தப்பக்கம். எல்லோரும் வேனிலேயே போவது, கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்திப் பொங்கல் வைத்து, இரவு அங்கேயே தங்கிவிட்டு வருவது என்று சம்பந்தி திட்டம் போட்டார். புறப்படுகிற அன்று விடிந்ததும் பங்குக்குப் போய் டேங்க்கை ரொப்பிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பேரனைத் தூங்க வைக்கப் பின்னால் இருக்கிற படுக்கையில் மெத்தை விரித்தாயிற்று. அந்தப் படுக்கைக்கு நேர் கீழேதான் டேங்க். நான் துணிப்பையை வைக்கத் தலையை உள்ளே நீட்டினேன். வாடை முகத்தில் அடித்தது.

அந்த நேரம் பார்த்து என் சம்பந்தியம்மா சரோஜினி வருகிறார். கையில் தூபக்கால். கரி கணகணவென்று எரிகிறது. இன்னொரு கையில் சாம்பிராணிப் பொடி. ஒரு காலைத் தூக்கி வேன் படியில் வைத்துவிட்டார்.

நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "நெருப்பைக் கொண்டுபோ! எறங்கு கீழ!" சம்பந்தியம்மாவை நான் அப்படிப் பேசியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் நடுங்கிப்போய் வாசலுக்கு அந்தப்பக்கம் ஓடினார். கவிதா முகம் வெளுத்து நின்றாள். சம்பந்தி வந்து, "என்னங்க ஆச்சு?" என்றார்.

இனி என்ன மறைப்பது? "உங்க வண்டிக்குள்ள பெட்ரோல் நாறுது சம்பந்தி. இன்னைக்கு நேத்து இல்ல, ரொம்ப நாளா நாறுது. எல்லாருக்கும் தெரியும். உங்க மனசு நோகுமின்னு ஒருத்தரும் சொல்லல. அதுக்குள்ள எம்பேரனைப் படுக்க வெக்க மாட்டேன்" என்றேன்.

அவர் மகனைப் பார்த்தார். பிரபு தரையைப் பார்த்துக்கொண்டு, "லேசாப்பா..." என்றார். மனைவியைப் பார்த்தார். "அதுக்குத்தானுங்க சாம்பிராணி போட வந்தேன்" என்று அவர் அழுதார். மானம் மரியாதை என்று துள்ளப்போகிறார், என் பெண்ணின் பாடு திண்டாட்டம் என்று நான் நினைத்தேன். அவர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றார். "காய்ச்சல் வந்துட்டுப் போனதுல இருந்து எனக்கு மல்லிப்பூவும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். சரியாப் போயிருமின்னு பாத்தேன், போகல. மூக்கு செத்தவன் பட்டறைல ஒக்காந்து என்ன பண்றதுன்னுதான் சாவியக் குடுத்துப்போட்டேன்."

சரோஜினியம்மாவுக்கே அது அப்போதுதான் தெரியும். அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவரிடம்கூட அவர் சொல்லவில்லை. வாடை வருகிறது என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, வாடை தெரியவில்லை என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை. நல்ல குடும்பம் போங்கள்!

அன்றைக்குக் காரில்தான் கோயிலுக்குப் போனோம். முடியெடுத்து, பொங்கல் வைத்து, நல்லபடியாகத் திரும்பினோம். மறுநாள் காலையில் அவரே எனக்குப் போன் செய்தார். "சம்பந்தி, உங்க மூக்கக் கொஞ்சம் கடன் குடுங்க. பிரபு மோந்தா எல்லாத்தையும் லேசும்பான்" என்றார்.

நான் போவதற்குள் காஸ் சிலிண்டரை இறக்கி, பேட்டரி ஒயரைக் கழற்றி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்து போட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு வேனுக்குள் பெண்ணைப் பெற்றவள் முட்டி போட்டுத் தவழ்ந்து மோந்துகொண்டு போகிறேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். முதலில் மெத்தை என்றேன். வெளியே எடுத்துப் போட்டு மோந்தால், அது மற்ற இடத்து வாடையைக் குடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். டேங்க் மூடியில் இல்லை. முன் சீட்டுக்கு அடியில் இல்லை. அவர் பொறுமையாக, "எப்பெப்ப நாறுச்சுன்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். மருதமலைக்குப் போகும்போது பங்கைத் தாண்டியதும் வந்தது, அப்புறம் முடியெடுக்கக் கிளம்பிய அன்று வந்தது என்றேன். நடுவில் ஒரு நாள் ஏறியபோது அவ்வளவு இல்லை என்பதையும் சொன்னேன்.

"அப்ப டேங்க் ரொம்பியிருந்தாத்தான்" என்றார். அவர் முகத்தில் பழைய பட்டறைக்காரர் வந்துவிட்டார். "மெக்கானிக் பாத்தப்ப அடியிலதான் பெட்ரோல் கெடந்திருக்கும். ஓட்டை மேல இருக்குது. இந்தப் பக்கமா மோந்து வாங்க."

பெட்ரோல் ஊற்றுகிற வாய் இருக்கும் பக்கமாகத் தவழ்ந்தேன். தேக்கு அலமாரியின் கீழ் மூலையில் மூக்கை வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லத்தான் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஊரையே கூட்டிக் காட்டிய அலமாரி ஆயிற்றே. "இங்கதானுங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மறுபேச்சுப் பேசவில்லை. கடப்பாறையை வாங்கி அவரே பலகையைப் பேர்த்தார். பின்னால், ஊற்றுகிற வாயிலிருந்து டேங்க்குக்கு இறங்கும் ரப்பர் குழாய். அலமாரியை மாட்ட அவர் முடுக்கிய திருகாணி ஒன்று நேராக அந்தக் குழாயின் மேல்பக்கத்தில் இறங்கியிருந்தது. சுற்றிலும் ஈரம். அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "நான் முடுக்குன ஆணிங்க! எங்கையால முடுக்கிப்போட்டு, ஊரையே கூப்புட்டுக் காட்டியிருக்கறனுங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

குழாயை மாற்றினார். அலமாரியை வேறு பக்கம் மாட்டினார். அடுத்த வாரமே பட்டறைக்கும் போனார். "எனக்கு மூக்கு வேலை செய்யாது. நீ மோந்து சொல்லு, நான் மத்ததச் சொல்றேன்" என்று ஆட்களிடம் நேராகவே சொல்லிவிட்டாராம். பாதி மாதம் பட்டறை, பாதி மாதம் வேன் என்று ஆயிற்று. அவரும் சரோஜினியம்மாவும் போகாத ஊர் இல்லை. வழியிலிருந்து எனக்குப் போன் வரும். ஒருமுறை, "இங்க மழை பேஞ்சிருக்குதுங்க. மண்ணு வாசம் எப்படி இருக்குமுங்க, மறந்தே போச்சு" என்றார். "வாசம் கெடக்குது, நனையாம உள்ள போங்க முதல்ல" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு தோப்பில் நின்று கொஞ்சம் அழுதேன்.

போன மாதம் நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறவர்கள் எல்லோரும், "முகம் தெளிஞ்சிருச்சுங்க, ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போயிரலாமுங்க" என்றார்கள். பிரபுவும் அதையே சொன்னார். டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தது எங்களுக்கெல்லாம் தெரியும். நான் போன அன்று மற்றவர்களை வெளியே இருக்கச் சொன்னார். "சம்பந்தி, எல்லாரும் தேறிட்டேங்கறாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இல்லீங்க. தேறலீங்க."

கண்ணை மூடினார். நான் செய்தது சரியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கண்ணைத் திறந்து, படுத்தபடியே இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார். "அப்ப சரோஜாவ வரச்சொல்லுங்க. பேசோணும். வேற யாரும் வேண்டாம்" என்றார். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்தேன். அவர்கள் வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் வெளியே வந்தபோது சரோஜினியம்மாவின் முகம் அழுது முடித்திருந்தது. எளவன்று கூட்டமெல்லாம் கதறியபோது அந்தம்மா மட்டும் சம்பந்தியின் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

எளவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது நம் வழக்கம். மனதில் பட்டதையெல்லாம் சொல்லிவிடுகிற நானும் அன்று செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். சொல்லாமல் வந்ததை என்னால் இன்னும் விட முடியவில்லை. வழக்கமாவது ஒன்றாவது, இங்கே சொல்லிவிடுகிறேன்.

சம்பந்தி, நான் வாரேனுங்க.