ரைட் அவுட் பாஷா

தண்டவாளத்தின் மேல் நடந்துதான் ஆபித் பாஷா வேலைக்குப் போவான். பக்கத்திலேயே நல்ல பாதை இருக்கிறது. அரக்கோணம் லோகோ ஷெட்டில் வேலை செய்கிற எல்லோரும் அதில்தான் போகிறார்கள். இவனுக்கு மட்டும் பனி படிந்த அந்த ஒற்றை இரும்புதான் ரோடு. சோற்றுத் தூக்கு தோளில், கைகள் இரண்டும் தளர்ந்து தொங்க, பார்வை சிக்னல் கம்பத்துக்கும் அப்பால் எங்கேயோ. பின்னால் வருகிறவர்கள் கேலி செய்தால், "கீழ பாத்தாதான் விழுவோம்" என்பான். என்ஜின்கள் விடுகிற ஆவி விடியற்காலையில் தரையோடு தவழ்ந்து வரும். அதில் அவன் முழங்கால் வரை மறைந்துபோனால், மேல் பாதி மட்டும் தனியாக மிதந்து போவதுபோல் இருக்கும். தூக்கத்தில் நடக்கிறான் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. விழித்துத்தான் இருக்கிறான். ஆனால் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும்.

வயது இருபத்து மூன்று. குள்ளம். தொடை இரண்டும் உரல் மாதிரி. அதற்கு மேலே கொஞ்சம் உடம்பு. முகத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை, தாடியும் சரியாக வளரவில்லை. கால்களைத்தான் பார்க்க வேண்டும். விரல்கள் விசிறிபோல் அகன்றவை. நகங்கள் தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத பழுப்பு நிறம். பாதத்தின் ஓரங்களில் மிளகு அளவில் சின்னச் சின்னக் குழிகள். சுண்ணாம்பு தின்ற தடம் அது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினால் புண் ஆறும், குழி தூராது. அழகான கால்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வருஷம் சென்னையில் ஆறு ஆட்டத்தில் எட்டு கோல் போட்டவை அவைதாம்.

ஊர் ஆம்பூர். தோல் பதனிடும் பட்டறையை அங்கே ஷாப் என்பார்கள். தகப்பனாருக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலிலிருந்து மயிர் கழல, ஆட்டுத் தோல்களைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். தரையில் வரிசையாகத் தொட்டிகள்; தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் அகலத்தில் வழவழவென்று வரப்பு. நனைந்த தோல்களை அடுக்கித் தோளில் ஏற்றிக்கொண்டு அந்த வரப்பின் மேல் ஓட வேண்டும். நடந்தால் சுமை அழுத்தும். வழுக்கினால் தொட்டிக்குள், கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஆபித் பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் விட்ட நேரங்களில், அங்கே ஓட ஆரம்பித்தவன். குதிகாலைத் தரையில் ஊன்றாமல், உடம்பைத் தாழ்த்தி, சின்னச் சின்ன எட்டாக வைத்து ஓடுவான். திரும்ப வேண்டுமானால் இடுப்பிலிருந்து திரும்பிவிடுவான். கால் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

அந்த ஓட்டத்தோடுதான் வேலூர்க் கல்லூரிக்குப் போனான். பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்று தாய்மாமன் பிடிவாதமாகச் சேர்த்துவிட்டார். அங்கே இருந்த இரண்டு வருஷமும் புட்பால் டீமில் அவன் பெயர் கடைசிப் பெயர். ஆடுகிறவர்களுக்குச் சட்டை மடித்து வைப்பான். பாதி ஆட்டத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பான். நெஞ்சை நிமிர்த்தி நீள நீளமாகத் தாண்டி ஓடுவதுதான் ஓட்டம் என்று அங்கே எல்லோருக்கும் நினைப்பு.

"இன்னாடா பாஷா, சூடு பட்டவன் மாதிரி ஓடறே?" என்பான் கேப்டன் சம்பத். கெட்டவன் இல்லை, வாய்தான்.

"சூடு இல்ல சம்பத், சுண்ணாம்பு."

எல்லோரும் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். ஒரே ஒரு தடவை, யாருக்கோ வயிற்றுப்போக்கு என்று, பதினோரு நிமிஷம் ஆடவிட்டார்கள். பந்து அவன் பக்கமே வரவில்லை. பரீட்சையில் இங்கிலீஷில் தவறி, மறுபடியும் எழுதி, மறுபடியும் தவறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆம்பூருக்குப் போய்த் தொட்டி வரப்பில் ஏறிவிட்டான். அதற்குள் கல்யாணமும் ஆகியிருந்தது. மனைவி ஜஹீருன்னிசா பேரணாம்பட்டுப் பெண். வீட்டில் உருது பேசுவாள். திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

அவனை வெளியே கொண்டுவந்தது பிறை. அரக்கோணம் ஷெட்டில் பிட்டராக இருந்துகொண்டு ரயில்வே புட்பால் டீமையும் பார்த்துக்கொள்கிற ஆரோக்கியசாமி, பட்டறை மெஷின்களுக்குத் தோல் பெல்ட் வாங்க ஆம்பூருக்கு வந்தார். ரம்ஜான் பெருநாள் முந்தின நாளே முடிந்திருக்கும் என்று அவர் கணக்கு. பிறை ஒரு நாள் தள்ளித் தெரிந்ததில், அவர் இறங்கிய அன்றைக்குத்தான் பெருநாள். ஒரு ஷாப்பும் திறக்கவில்லை. ஊர்க்காரர்கள் அவருக்குச் சேமியா கொடுத்து, பாலாற்று மணலுக்கு ஆட்டம் பார்க்க அழைத்துப் போனார்கள்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் ஷாப்புக்கு ஷாப்பு பந்தயம் போட்டு ஆற்றில் ஆடுவது அங்கே வழக்கம். தோல் காயப்போடும் மூங்கில்தான் கோல் கம்பம். புதுத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடுவார்கள். கரையில் நிற்கும் பெண்கள் துணி பாழாகிறதே என்று கத்துவார்கள். அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஒருவன் பந்தோடு வந்துகொண்டே இருந்ததை ஆரோக்கியசாமி பார்த்தார். நாலு பேர் விழுந்து தடுத்தார்கள். அவன் யாரையும் இடிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவன் ஒரு நொடிக்கு முன் இருந்த இடத்தில்தான் விழுந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் போய்க் கேட்டார்.

"காலேஜுல படிச்சவன்னு சொன்னாங்க. அங்க ஆடினியா?"

"ஆடல அண்ணே. ரெண்டு வருசம் ஒக்காந்தேன்."

ஆரோக்கியசாமி பெல்ட் இல்லாமல்தான் திரும்பினார். மார்ச் மாதம் ஆபித்துக்கு ஷெட்டில் க்ளீனர் வேலை கிடைத்தது. என்ஜின் துடைப்பது, மாலையில் பந்து ஆடுவது. வேலை தற்காலிகம், ஆட்டக் காலம் முடிவதற்குள் டீமில் நிலைத்தால் பர்மனென்ட், இல்லையென்றால் ஊருக்கு வண்டி. ஊர் என்றால் சுண்ணாம்புத் தொட்டி. தகப்பனாருக்கு வலது கையில் இரண்டு விரலுக்கு நகமே கிடையாது. காலையில் கையை மடக்க அரை மணி நேரம் வெந்நீரில் வைக்க வேண்டும். மகனுடைய பாதங்கள் இன்னும் ஐந்து வருஷம் அந்தத் தண்ணீரில் நின்றால் ஓடுவது இருக்கட்டும், நடப்பதற்கே வைத்தியம் தேவைப்படும். இதை ஜஹீருன்னிசா அறிவாள். இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

பேசவும் அவசியம் இருக்கவில்லை. ஆறு ஆட்டம், எட்டு கோல். வலது ஓரத்தில் ஆடுகிறவனை ரைட் அவுட் என்பார்கள். சென்னையில் வேலி ஓரம் நிற்கிற கூட்டம் அவனுக்கு அதையே பெயராக்கிவிட்டது. எல்லோரும் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். செப்டம்பரில் புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். போன வருஷம் விரல் ஒடிந்து இரண்டு ஆட்கள் ஒரு மாதம் வேலைக்கு வரவில்லை என்று ரிஜிஸ்டரில் பார்த்தவர், இனி ரயில்வே டீமில் பூட்ஸ் போடாதவனுக்கு இடமில்லை என்று உத்தரவு போட்டார். ஒடிந்த விரல்களைக் கட்டிப் பார்த்தவர்கள் யாரும் அவர் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். கடைசி ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆளுக்கு ஒரு ஜோடி வந்து இறங்கியது.

ஆபித் வாழ்க்கையில் பூட்ஸ் போட்டதில்லை. தோலோடு பிறந்து வளர்ந்த ஊர்தான்; ஆனால் அங்கே பதனிட்ட தோல் கப்பல் ஏறிப் போய்விடும். அது என்னவாக ஆகிறது என்று தோல்காரர்கள் பார்ப்பதில்லை. பூட்ஸ் மரம்போல் இருந்தது. தோல் விறைப்பாக இருந்தால் என்ன செய்வது என்று அவனை யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே அதையே செய்தான். ஆவாரம்பட்டையைக் கொதிக்கவிட்டு, ஆறிய தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டான். எடுத்துப் புங்க எண்ணெய் தடவினான். பிறகு பக்குவமாக, ஊரில் செய்கிற மாதிரியே, ஏறி மிதித்தான்.

மூன்றாம் நாள் அடித்தோல் பிரிந்து நாக்கைத் தொங்கவிட்டது. முனையில் உள்ளே வைத்து ஒட்டியிருந்த அட்டை கூழாகிவிட்டது. தோல் மட்டும் அருமையான பதத்தில், பட்டுப்போல் இருந்தது.

ஜஹீருன்னிசா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இன்னாங்க இது, திரும்ப ஆட்டுக்கே போட்டு உடப் போறீங்களா?"

ஆரோக்கியசாமியிடம் போய்ச் சொன்னபோது அவர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க ஊர்ல ஒருத்தன்கூட பூட்ஸ் போட மாட்டானாடா?"

"ஊர் பூரா தோலு அண்ணே. பூட்ஸுதான் கம்மி."

வேறு ஜோடி வரவழைக்க நாள் இல்லை. கோல் கீப்பர் சாமிநாதனிடம் எப்போதோ வாங்கிப் போடாமலே கிடந்த பழைய ஜோடி ஒன்று இருந்தது. சாமிநாதன் ஆறடி ஆள். முனையில் துணி அடைத்துக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வண்டி ஏறினான் ஆபித்.

மைதானத்தில் காலையிலிருந்து தூறல். அதிகாரி குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபித்துக்குக் கால் எங்கே முடிகிறது, பூட்ஸ் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. தரை அவனுக்கு எட்டவில்லை. முதல் பாதியில் ஏழு தடவை விழுந்தான். ஒரு தடவை பந்து ஒரு பக்கமும் இடது பூட்ஸ் மறுபக்கமும் போயின. "அண்ணே, பூட்ஸு போவுது, ஆளு இன்னும் வரல" என்று வேலி ஓரத்திலிருந்து ஒரு குரல். எதிர் டீம் ஒரு கோல் முன்னால் இருந்தது.

பாதி ஆட்டத்தில் ஆரோக்கியசாமி அவன் பக்கத்தில் வந்து குந்தினார். "கழட்டினா தொரை பேர அடிச்சிடுவார். கழட்டலன்னா நீயே அடிச்ச மாதிரி. நான் இன்னா சொல்லட்டும்?"

ஆபித் குனிந்து பூட்ஸ் கயிற்றைப் பிடித்தான்.

"இத மாட்டிக்கினு ஊருக்குப் போனா, நான் ஆடாமலே போன மாதிரி அண்ணே. ஆடிட்டே போறேன்" என்றான். முடிச்சை அவிழ்த்து, பூட்ஸை ஜோடியாகக் கோட்டுக்கு வெளியே வைத்தான். குடைக்குக் கீழே இருந்தவர் அதைப் பார்த்தார். எழுந்து தடுக்கவில்லை.

பாதம் சேற்றில் பட்டதும் அவனுக்குச் சத்தமெல்லாம் அடங்கிப்போயிற்று. கூட்டம் வாய் திறப்பது தெரிந்தது, கேட்கவில்லை. மைதானத்தின் ஓரக் கோடு மழையில் கரைந்து, பால் கொட்டினதுபோல் புல்லில் பரவிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீர்த்த சுண்ணாம்பின் வாசனை எழுந்தது. பந்து வந்தது. அவன் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே ஓட ஆரம்பித்தான். கோடு ஒரு சாண் அகலம். இரண்டு பக்கமும் ஆழம் என்று கால் தானாக நினைத்துக்கொண்டது. பூட்ஸ் போட்ட மூன்று பேர் எதிரே வந்தார்கள். தண்ணீருக்கு அடியில் வருகிறவர்கள்போல் மெதுவாக வந்தார்கள்; ஒவ்வொருவராக வழுக்கி, முகத்தில் ஆச்சரியத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். மழைத்துளிகள்கூட நின்று நின்று விழுவதாக அவனுக்குத் தோன்றியது. மைதானம் நீண்டுகொண்டே போயிற்று. அது முடிய வேண்டாம் என்றிருந்தது. கோல் கம்பத்துக்கு நடுவே வலை தெரிந்தபோது, அதை அடைய இன்னும் ஒரு பகல் முழுக்க இருப்பதுபோல் நிதானமாகப் பந்தைத் தள்ளினான்.

அதற்குப் பிறகு இன்னொரு கோல். அதை அவன் போடவில்லை. கோட்டோரமாகக் கொண்டுபோய், நடுவில் நின்றவன் நெற்றியில் பந்தை வைத்துக் கொடுத்தான். இரண்டுக்கு ஒன்று.

விசில் ஊதியதும் குடை எழுந்தது. ஆரோக்கியசாமி அதற்குக் கீழே போய்க் கைகட்டி நின்றார். ஆபித் தூரத்திலிருந்து அந்தக் குடையையே பார்த்துக்கொண்டு நின்றான். விரல் இடுக்குகளில் ரத்தம் கசிவது தெரியவில்லை. குடை ஒரு தடவை அவன் பக்கம் திரும்பிற்று. பிறகு போய்விட்டது. ஆரோக்கியசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உத்தரவு உத்தரவுதானாம். அடுத்த வருசம் வெறுங்காலோட எறங்கினா தொலைச்சிடுவாராம்."

"அடுத்த வருசமா?"

"ஆமாண்டா. திங்கக்கிழமை ரயில்வே டாக்டர் உன் ஒடம்பப் பாப்பார். அது ஆனா பர்மனென்ட்டு. காலு அளவக் குடுத்துட்டுப் போ, ஒழுங்கா உன் சைஸுல ஒரு ஜோடி சொல்லணும். ஊற வைக்காம இருப்பியா?"

மறுநாள் காலை அவன் அரக்கோணத்து வீட்டுக்கு வந்தபோது ஜஹீருன்னிசா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் பின்னால் தகரப்பெட்டி. மேலே பாயும் போர்வையும் வைத்துத் தாம்புக் கயிற்றால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். பூட்ஸ் பாழான அன்றைக்கே அவள் மனசில் முடிவு செய்துவிட்டாள்போலும். முதலில் அவன் கால்களைப் பார்த்தாள், அப்புறம்தான் முகத்தை.

"வென்னி வெச்சிருக்கேன். கால நனைச்சுட்டு சாப்பிடுங்க," என்றாள் உருதுவில். "ஆம்பூருக்கு வண்டி எத்தன மணிக்கு?"

ஆபித் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கயிற்றின் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பலமான முடிச்சு. கையால் நெகிழவில்லை. குனிந்து, பல்லால் கடித்து இழுக்க ஆரம்பித்தான்.