பிளாஸ்டிக் குமிழியில் நாலு இலை

நல்ல கட்டிலும் மெத்தையும் உள்ள வீட்டை விட்டுவிட்டு வேறெங்காவது போய்ப் படுக்க ஆசைப்படுகிறவர்களை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. பிரிக்பீல்ட்ஸில், கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு சின்னப் பயண அலுவலகத்தில் வேலை செய்கிறேன். விசித்திரமான தங்குமிடங்களாகத் தேடிப் பிடித்து, படம் எடுத்து, நாலு வரி எழுதி இணையத்தில் போடுவது என் பொறுப்பு. கிளாம்பிங் என்கிறார்கள், அதாவது சொகுசுக் கூடாரம். கூடாரம் என்பதுகூடப் பேருக்குத்தான். வயலோரத்தில் கிடத்திய ராட்சதச் சாக்கடைக் குழாய்க்குள் மெத்தை போட்டிருப்பார்கள். ஓடி ஓய்ந்த பஸ்ஸில் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரட்டைக் கட்டில் போட்டிருப்பார்கள். மீன் குளத்தின் மேல் நிற்கும் கண்டெய்னர், மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டிய வலை என்று எதையும் நான் விட்டதில்லை. எல்லாவற்றிலும் ஒரு ராத்திரியாவது படுத்திருக்கிறேன். முதுகுவலிதான் மிச்சம்.

என் தம்பிக்கு இந்த வேலையைப் பற்றிப் பேசினாலே சிரிப்பு வந்துவிடும். அவன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அடுக்கும் இடத்தில் வேலை செய்தான்.

"கொசுக்கடிக்கு பில்லு போடுற கம்பெனி உலகத்துலயே உங்களுது ஒண்ணுதான் லா, அக்கா," என்பான். "நாங்க தினம் நூறு கண்டெய்னரைத் தூக்கி அடுக்குறோம். உள்ள போய் படுக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல."

சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையில் கைத்தொலைபேசியுமாக உட்கார்ந்து இப்படி என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். சோறு ஆறி, குழம்பு உறைந்து போகும். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

அந்த வருஷம் ஏப்ரல் மாதம், ஒரு நல்ல மழையில், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது அவன் சறுக்கி ஒரு லோரிக்கு அடியில் போய்விட்டான். இதற்கு மேல் அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு வர அவனுக்கு இன்னும் இரண்டு முச்சந்திதான் பாக்கி இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளி கிடையாது. முறுக்கு சுடக் கூடாது, கோலம் போடக் கூடாது, புதுத்துணி கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது தெரியும், ஒதுங்கிக்கொள்வார்கள். ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடு மலாய்க்காரர்கள், சீனர்கள். தீபாவளி என்றால் நேராகக் கேட்டைத் திறந்துகொண்டு வந்து "ஹேப்பி தீபாவளி, ஆன்டி" என்று சொல்லிப் பழகியவர்கள். தம்பியின் கூட்டாளிகள் வேறு. ஒவ்வொருவரிடமும் இந்த வருஷம் இல்லை, ஏன் இல்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அதுகூடப் பரவாயில்லை. தீபாவளி இல்லையென்றாலும் அதற்கு முதல் நாள் படையல் உண்டு என்று அத்தை வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் அக்கா அவர். எங்கள் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் செத்துப்போனவர்களுக்கு இலை போடுவோம். அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பது நம்பிக்கை. வருஷா வருஷம் தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் போட்டதுதான். இந்த வருஷம் தம்பிக்கும் தனியாக ஓர் இலை போட வேண்டும் என்றார் அத்தை.

"எனக்கு அவன் படைக்கணும்," என்றாள் அம்மா. "நான் அவனுக்குப் படைக்கிறதாவது. என்னால முடியாது."

"வருவானே," என்றார் அப்பா.

"முடியாதுன்னா முடியாது."

அம்மா சொன்னால் சொன்னதுதான். அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, "நீதான் ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் காட்டுல கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறியே. அந்த ரெண்டு நாளைக்கு எங்களையும் எங்கயாவது கொண்டுபோ. தீபாவளின்னு ஒரு சத்தமும் கேக்காத இடமா பாரு," என்றாள்.

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உலு லங்காட்டில் ஆற்றோரமாக ஓர் இடம் இருந்தது. துரியான் மரங்களுக்கு நடுவில், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் செய்த பெரிய குமிழி. உள்ளே படுத்தால் மரமும் வானமும் தெரியும். ஒரு மலாய்க்கார அம்மாள் தன் தோட்டத்திலேயே நடத்துகிறார், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ஒரே ஒரு குமிழிதான், வேறு விருந்தாளிகள் இருக்க மாட்டார்கள். கோழி சாப்பிடுவீர்களா என்று மட்டும் செய்தி அனுப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன்.

போகிற வழி முழுக்க அப்பா வாயே திறக்கவில்லை. அவர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கார் ஓட்டினால் பிரேக்கைப் பிடி, லைனை மாற்று என்று உயிரை எடுப்பார். அன்றைக்கு ஒன்றுமில்லை. காஜாங் தாண்டிய பிறகுதான், யாரைப் பார்த்தும் சொல்லாமல், "வீடு பூட்டியிருக்கு," என்றார்.

"பூட்டாம எப்படிப்பா வர முடியும்?"

"அதில்ல. வந்து கேட் முன்னால நிப்பான். வீடு பூட்டியிருக்கு. பசியோட திரும்பிப் போயிடுவான்."

அம்மா பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. செத்தவன் வருவான், கேட்டில் நிற்பான் என்றெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் தன் பிள்ளை பட்டினி கிடப்பான் என்று அவர் மெய்யாகவே நம்பினார். அதைத் தடுக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை, ஏனென்றால் அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

போய் இறங்கினோம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். குமிழியின் வாசலில் சாயம் ஏற்றிய அரிசியில் ஒரு கோலம். மயில் என்று நினைக்கிறேன், கொஞ்சம் வாத்து மாதிரி இருந்தது. குமிழியைச் சுற்றிலும் மினுக்கு விளக்குகள். மேலே தொங்கிய அட்டையில் தீபாவளி வாழ்த்து. அந்த அம்மாள் வாசலில் நின்றுகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, கையைக் கூப்பி வணக்கம் வேறு சொன்னார். என் பேரைப் பார்த்திருக்கிறார், தேதியைப் பார்த்திருக்கிறார், பண்டிகைக்கு வருகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டார். காலையிலிருந்து கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பார்த்துத் தானே போட்ட கோலம் என்று என்னிடம் மலாயில் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, எங்கள் வீட்டில் சாவு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"சொல்லாத," என்றாள் தமிழில். "பாவம். அரிசியெல்லாம் சாயம் ஏத்திக் காய வச்சு, எவ்வளவு நேரம் குனிஞ்சு உக்காந்துச்சோ."

பிறகு அந்த அம்மாளைப் பார்த்து, கடைத்தெருவில் பழகிய தன் பாசார் மலாயில், ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அம்மா ஒரு பொருளை அழகு என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கோலத்தை மிதிக்காமல், புல்லில் இறங்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவும் அப்படியே போனார்.

பொழுது சாயும் நேரத்துக்கு அந்த அம்மாள் சாப்பாடு கொண்டுவந்தார். மழை வரும்போல இருந்ததால் குமிழிக்குள்ளேயே பாய் விரித்தார். தீபாவளிக்கு நம் ஆட்கள் வாழை இலையில் சாப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்திலேயே இலை வெட்டி, கழுவி, வரிசையாகப் போட்டு, சோறு, மிளகாய்ச் சாற்றில் பிரட்டிய கோழி, வெள்ளரிக்காய் ஆச்சார், அப்பளம் என்று பரிமாறிக்கொண்டே போனார். பக்கத்தில் ஒரு கூஜாவில் சிவப்பு சர்பத், ஒரு வாளியில் ஐஸ்.

நாலு இலை போட்டிருந்தார்.

பதிவு செய்யும்போது பெரியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. நான் நாலு என்று போட்டிருந்திருக்கிறேன். யோசித்துப் போட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு எங்கே எதைப் பதிந்தாலும் என் விரல் நாலைத்தான் தொடும்.

"இன்னொருத்தர் பின்னால வர்றாரா?" என்று மலாயில் கேட்டார் அந்த அம்மாள்.

அப்பா அந்த நாலாவது இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத இடத்துக்கு முன்னால் சோறும் கறியும் வைத்த இலை. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம். அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை.

"கொஞ்சம் லேட்டாகும்," என்றாள் அம்மா. "இலை இருக்கட்டும்."

அந்த அம்மாள் சரியென்று தலையாட்டிவிட்டு மேட்டில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். அம்மா கொஞ்ச நேரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கீழே உட்கார்ந்து, தன் இலையில் இருந்த கோழித் தொடையை எடுத்து அந்த இலையில் வைத்தாள்.

"நெஞ்சுக்கறி வச்சிருக்கு. அவன் தொட மாட்டான்," என்றாள்.

என் இலையில் இருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டாள். தம்ளரில் பாதிக்கு மேல் ஐஸைப் போட்டு சர்பத்தை ஊற்றினாள். சூடமோ விளக்கோ எங்களிடம் இல்லை. இருந்தாலும் பிளாஸ்டிக் குமிழிக்குள் நெருப்புக் கூடாது. அப்பா உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி விட்டார். பாதித் தண்ணீர் பாயில் சிந்தியது. மூன்று பேரும் விழுந்து கும்பிட்டோம். தம்பியைக் கும்பிடுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவன். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள் நான். நெற்றி பாயில் பட்டபோது அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை.

"வெளிய வாங்க," என்றார் அப்பா. "கதவைச் சாத்திட்டு வாங்க."

கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம். வெளியே வந்து பார்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பாய், நாலு இலை, தம்ளர். வீட்டில் என்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டால் முடிந்தது. செத்தவர்கள் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாது. ஒரு பக்கமும் மறைக்காமல் வானத்தைப் பார்க்கலாம் என்று இந்தக் குமிழியைப் பற்றி எழுதியவளே நான்தான்.

"ஆத்துப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றார் அப்பா. "யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது."

மூன்று பேரும் குமிழிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றோம். தூறல் போட்டது. கொசு பிய்த்து எடுத்தது. நான் நம்புகிறவள் இல்லை என்று சொன்னேன் அல்லவா. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வெறும் இலைதான் தெரியும். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

செத்தவர்கள் சாப்பிட வழக்கமாக விடுகிற நேரம் ஆகியிருக்கும். அப்பா தொண்டையைச் செருமினார். உள்ளே போகும் முன்பு நாங்கள் வருகிறோம் என்று தெரிவிப்பதற்காக அப்படிச் செய்வது வழக்கம்.

"இருங்க," என்றாள் அம்மா. "அவன் மெதுவாத்தான் சாப்பிடுவான்."

அப்பா நின்றுவிட்டார். சட்டை தோளில் ஒட்டுகிற அளவுக்கு நனைந்து நின்றோம். அந்த ஏழு மாதத்தில் அம்மா என்னிடமோ அப்பாவிடமோ அவனைப் பற்றி வாய் திறந்ததில்லை. அன்றைக்கு, ஆற்றைப் பார்த்துக்கொண்டே, அவனைத் திட்டினாள். சாப்பிடும்போது போனை நோண்டாதே என்று எத்தனை தடவை சொல்வது, ஆறின சோறு வயிற்றுக்கு ஆகுமா, உனக்காக எத்தனை ராத்திரி பாத்திரம் கழுவாமல் காத்துக் கிடப்பது என்று. குரல் உயரவேயில்லை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, சாப்பிட்டிருப்பான்," என்றாள்.

உள்ளே போய் அவன் இலைச் சோற்றைப் பிசைந்து, அப்பாவுக்கு ஓர் உருண்டை, எனக்கு ஓர் உருண்டை கொடுத்துவிட்டுத் தானும் சாப்பிட்டாள். ஐஸ் கரைந்து சர்பத் வெளுத்திருந்தது. அதையும் மூன்று பேரும் பங்கிட்டுக் குடித்தோம். அப்பா வழக்கம்போல ஏப்பம் விட்டார். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மாள் குடை பிடித்துக்கொண்டு பாத்திரம் எடுக்க வந்தார். மடித்து வைத்திருந்த நாலு இலைகளைப் பார்த்தார்.

"வந்துட்டாரா, ஆன்டி? கார் சத்தமே கேக்கலையே."

"மோட்டார்ல வந்தான்," என்றாள் அம்மா. "சாப்பிட்டுட்டுப் போயிட்டான்."

"இந்த மழையிலயா? ரோடு ரொம்ப வழுக்குமே. மெதுவாப் போகச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்," என்றாள் அம்மா. "அவன் எங்க கேக்கிறான்."