எதிர்த்தரப்புக்கும் தட்டச்சு

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியானதும் மெர்வ் மேதிசன் இறைச்சிக்கடைக் கதவைச் சாத்திவிட்டு, கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுகிறார். நகக்கண்களைக் குச்சியால் சுத்தம் செய்கிறார். பிறகு பின்னறைக்குப் போய், தொங்கும் ஆட்டுத் தொடைகளுக்கு இந்தப் பக்கம், பலகை மேசைமேல் இருக்கும் தட்டச்சுப் பொறியின் உறையை எடுக்கிறார். அவ்வளவு கழுவியும், ஊராருக்கு அவர் அடித்துத் தரும் தாளின் ஓரத்தில் எங்காவது ஒரு கொழுப்பு வட்டம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அதன் வழியே மறுபக்கம் தெரியும்.

எல்லரி துறைமுகத்தில் பத்து விரலாலும் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான் இந்த ஊர் வாரப் பத்திரிகையை இருபது வருடமாக இரண்டு விரலால் நடத்துகிறவன், ஆகவே பொறாமையோடுதான் சொல்கிறேன். இளமையில் அவருக்குக் கடற்படையில் தந்தி அடிக்கும் வேலை. சொல்லில் கஞ்சத்தனம் அங்கிருந்து வந்தது. யார் எதை எழுதிக்கொண்டு வந்தாலும் முதலில் 'மிகவும்', 'நிச்சயமாக', 'மன்னிக்கவே முடியாத' எல்லாம் அவர் பென்சிலுக்கு இரையாகும். "'ரொம்ப'ன்னு போட்டாலே படிக்கிறவனுக்குச் சந்தேகம் வந்துரும்யா. எடு அத" என்பார்.

ஐம்பது வயது. கசாப்புக்காரருக்குச் சற்றும் பொருந்தாத ஒடிசலான உடம்பு. வெட்டும்போது ராகமில்லாமல் சீட்டியடிப்பார். பில் போடும்போது நிறுத்திவிடுவார். அவர் கடைக்கு எதிரிலேயே கப்பல் துறை. சாசேஜ் வாங்க வரிசையில் நிற்பவர்கள் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

இந்த ஒரு வருடமாக அந்த வரிசையில் வேறு பேச்சே இல்லை. பெரிய நட்பு நாடான அமெரிக்காவின் போர்க்கப்பல்கள் நம் துறைமுகங்களுக்கு வரலாமா? அணுகுண்டு உண்டா இல்லையா என்று கேட்டால் அவர்கள் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் உள்ளே விடுவதில்லை என்று நம் அரசாங்கம் கதவைச் சாத்திவிட்டது. பழைய பாதுகாப்பு ஒப்பந்தம் அந்தரத்தில் தொங்குகிறது. முப்பது லட்சம் பேர் உள்ள நாடு யார் நிழலில் நிற்பது, அல்லது நிழலே இல்லாமல் நிற்பதா என்று மக்களையே கேட்க ஒரு குழு ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊருக்கும் தேதி குறித்திருந்தார்கள்.

மெர்வ் எந்தக் கட்சி என்பதில் ரகசியம் இல்லை: கப்பல்கள் வரட்டும் என்ற கட்சி. "நம்மகிட்ட நாய் வேண்டாம்யா. தெருவுல எவன் வீட்லயாவது கடிக்கிற நாய் ஒண்ணு இருந்தா போதும், திருடன் இந்தப் பக்கமே வரமாட்டான்" என்பார், கொத்துக்கறியை நிறுத்துக்கொண்டே.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட டீச்சர் ஐலீன் விடவில்லை. "சரிங்க, அந்த நாய்க்குக் குறி வைக்கிறவன் எந்தத் தெருவுல சுடுவான்?"

வரிசை சிரித்தது. மெர்வ் சிரிக்கவில்லை. தராசிலிருந்து கையை எடுத்தார். "நல்ல கேள்வி டீச்சர். இத எழுதிக் குடுங்க குழுவுக்கு. வியாழக்கிழமை வாங்க, நானே அடிச்சுத் தரேன்" என்றார்.

அப்படித்தான் அது தொடங்கியது. அந்த மாதம் அவர் பதினேழு மனுக்கள் அடித்தார். பதினொன்று அவர் கருத்துக்கு நேர் எதிர். வெறுமனே அடித்துக் கொடுப்பதில்லை. எதிராளி இங்கே இப்படி மடக்குவான், இந்தக் கணக்கு தப்பு, நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார். அந்த எதிராளி அவரேதான். தன்னைத் தோற்கடிக்கத் தேவையான கத்தியை அவரே சாணை பிடித்துக் கொடுப்பதை, ஓசித் தேநீருக்காகப் பின்னறையில் உட்கார்ந்திருந்த நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

பழைய படைவீரர் கிளப்புக்கு இது பிடிக்கவில்லை. கிளப் தலைவர் கிளாரி ஹோபன், உலகப் போரின்போது, நாற்பத்திரண்டில், அமெரிக்கக் கப்பல்கள் வந்திராவிட்டால் இந்தக் கரையில் யார் கொடி பறந்திருக்கும் என்று நேரில் அறிந்த தலைமுறை. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"டேய் மெர்வ், நீ நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"உங்க ஆளுதான் கிளாரி."

"அப்புறம் என்னத்துக்குடா அவங்களுக்கு மாங்கு மாங்குன்னு அடிக்கிற?"

"அவங்க சொல்லத் தெரியாம உளறி, அதனால நான் ஜெயிச்சா, நான் சொன்னது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கிளாரி எதுவும் வாங்காமல் போனார். அந்த வெள்ளிக்கிழமை கிளப்பில் மெர்வ் தன் மேசையில் தனியாக உட்கார்ந்து பீர் குடித்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வெள்ளியும் அப்படியே.

குழு வருவதற்கு ஒன்பது நாள் முன்பு ஹூயா கிட்சன் வந்தார். சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்ப்பவர், விரல்களில் இரண்டு மூன்று பிளாஸ்திரி எப்போதும் இருக்கும். அவருடைய கணவர் ரெக்ஸும் மெர்வும் ஒரே கப்பலில் இருந்தவர்கள். ரெக்ஸ் சமையல்காரர். ஐம்பத்தேழில் அந்தக் கப்பல் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போனது, பிரிட்டிஷ்காரர்களின் அணுகுண்டுச் சோதனையைப் பார்க்க. ரெக்ஸ் ஆறு வருடத்துக்கு முன் இரத்தப் புற்றுநோயில் இறந்தார்.

நோட்டுத் தாளில் நான்கு வரி எழுதியிருந்தார். கணவர் பெயர், கப்பல், இறந்த வருடம், கப்பல்கள் வேண்டாம் என்பது. மெர்வ் பென்சிலோடு படித்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"எடுக்க ஒண்ணுமில்ல. ஆனா இது பத்தாது ஹூயா. அன்னிக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க."

"எனக்கு என்ன தெரியும்? எப்பக் கேட்டாலும் 'வெயிலு ஜாஸ்தி'ம்பாரு. இருபத்திமூணு வருஷம் அது ஒண்ணுதான் சொன்னாரு. அதனாலதான் செத்தாருன்னும் நான் சொல்லல, டாக்டருக்கே தெரியல." தாளை மேசையில் நீவிவிட்டார். "நீங்க பக்கத்துலதான இருந்தீங்க மெர்வ்?"

மெர்வ் அந்தத் தீவைப் பற்றி ஊரில் யாரிடமும் விரிவாகப் பேசியதில்லை. 'நான் பார்த்திருக்கேன், அதனாலதான் அந்தக் குண்டு யார் கையிலயாவது இருந்தா எவனும் சண்டைக்கு வரமாட்டான்னு சொல்றேன்' என்பதோடு முடித்துக்கொள்வார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உட்காரும்படி கையைக் காட்டினார். பொறியில் தாளைச் செருகி, யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார். அடிக்கிற வரியை வாய் மெல்லச் சொல்லிக்கொண்டே போனது. ஒன்றரைப் பக்கம். ஹூயா பிளாஸ்திரி விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

முடிந்ததும், உங்கள் பெயரைப் போடலாமா என்று ஹூயா தயங்கிக் கேட்டார்.

"போடு. பேரில்லாத சாட்சிய எவன் நம்புவான்?"

"உங்க மனு? அத என்ன பண்ணுவீங்க?"

"அது அப்படியேதான். முந்தாநாளே அடிச்சாச்சு."

"இதையும் சொல்லிட்டு அதையும் எப்படிச் சொல்லுவீங்க?"

"ரெண்டும் நெசந்தான ஹூயா" என்றார். உறையைப் போட்டு மூடினார்.

நகர மன்றக் கூடத்தில், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நடுவே வழி விட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே ஊர் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. வலது பக்கம் கிளப் ஆட்கள், பதக்கங்களோடு. இடது பக்கம் பள்ளிக்கூடம், தேவாலயம், சிப்பிக் கொட்டகைப் பெண்கள். மெர்வ் வலது பக்கம், கிளாரிக்கு அடுத்த நாற்காலியில்.

அவர் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். நான்கு நிமிடம். சின்ன நாடு தனியாக நின்றால் அதன் பேச்சைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள், நண்பன் கப்பலை வாசலிலேயே தடுத்துவிட்டு ஆபத்தில் மட்டும் அவனைக் கூப்பிட முடியாது என்றார். ஒரு சொல் கூடுதல் இல்லை. கப்பல்கள் வேண்டாம் என்ற கட்சிக்காரனான நானும் ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டேன். வலது பக்கம் வெகுநேரம் கைதட்டியது. கிளாரி எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பல வாரத்துக்குப் பிறகு மெர்வ் முகத்தில் களை திரும்பியதைப் பார்த்தேன்.

மூன்று பேருக்குப் பிறகு ஹூயா போனார். நான்கு வரியையும் கணீரென்று படித்தார். தாளைத் திருப்பினார். 'அன்று காலை' என்றார். மறுபடி 'அன்று காலை' என்றார். அதற்கு மேல் வரவில்லை. படிக்காவிட்டாலும் மனு பதிவாகிவிடும், சிரமப்பட வேண்டாம் என்று குழுத் தலைவர் கனிவாகத்தான் சொன்னார். ஹூயா தலையை ஆட்டி மறுத்தார். தாளைப் பிடித்த கை மெர்வை நோக்கி நீண்டது.

மெர்வ் எழுந்தார். கிளாரி அவர் சட்டைக் கையைப் பற்றி, "உக்காருடா" என்றது எனக்குக் கேட்டது. மெர்வ் நடு வழியைக் கடந்து போய்த் தாளை வாங்கிக்கொண்டு கண்ணாடியைப் போட்டார். தந்தி வாசிக்கும் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"அன்று காலை எங்களைக் கப்பல் தளத்தில் முதுகு காட்டி உட்காரச் சொன்னார்கள். கண்ணை மூடி உள்ளங்கையால் பொத்திக்கொண்டோம். வெளிச்சம் வந்தது. மூடிய கண்ணுக்குள் என் விரல் எலும்புகள் தெரிந்தன. பக்கத்தில் இருந்த ரெக்ஸ் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்க உத்தரவு வந்தது. பார்த்தோம். பறவைகள் கடலில் விழுந்துகொண்டிருந்தன. மாலையில் ரெக்ஸ் சமையலறையில் ஒரு உருளைக்கிழங்கின் தோலைச் சீவினார். கிழங்கு தீரும் வரை சீவினார். பிறகு இன்னொன்றை எடுத்தார். அன்று யாரும் சாப்பிடவில்லை. இவை மெர்வ் மேதிசன் எனக்குச் சொன்ன சொற்கள், அவர் சொன்னபடியே. என் கணவர் என்னிடம் சொன்னதில்லை. அந்த ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல மறுக்கும் எந்தக் கப்பலும் எங்கள் ஊருக்குள் வரக்கூடாது."

கடைசி வரியை விழுங்கவில்லை. முதல் வரியைப் போலவே படித்தார். என் சுருக்கெழுத்து 'இன்னொன்றை எடுத்தார்' என்ற இடத்தோடு நின்றுபோயிருந்தது. மீதியை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். கூடத்தில் யாரும் கைதட்டவில்லை, இரண்டு பக்கமும்.

குழுத் தலைவர் மெதுவாகக் கேட்டார், அந்த மேதிசன் நீங்கள்தானா என்று.

"ஆமாங்க."

"சற்று முன் வேறு விதமாகச் சொன்னவரும்?"

"அதுவும் நான்தாங்க."

மெர்வ் தாள்களின் ஓரத்தைத் தட்டி ஒழுங்காக்கிக் குழுவின் மேசைமேல் வைத்தார். ஹூயாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சிப்பிக் கொட்டகைப் பெண் ஒருத்தி அதைச் சற்று இழுத்துக்கூடப் போட்டாள். மெர்வ் அவளுக்குத் தலையசைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வலது பக்கம் நடந்தார். அவர் நாற்காலியில் கிளாரி தன் தொப்பியை வைத்திருந்தார். மெர்வ் குனிந்து அந்தத் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்து, கிளாரியின் மடியில் வைத்துவிட்டு, உட்கார்ந்தார்.