ஒற்றமரத்து ஏற்றத்துக்கு ஐந்து டயர்

கட்டப்பனையில் டயர் கடை வைத்திருக்கும் வர்க்கிச்சன் எத்தனையோ விதமான வாடிக்கையாளர்களைப் பார்த்தவர். தட்டிப் பார்ப்பவர்கள், நகத்தால் கீறிப் பார்ப்பவர்கள், விலையைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பி நடப்பவர்கள். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் களிமண்ணோடு கடைக்குள் வந்தவள் எல்சம்மா ஒருத்திதான்.

"இது என்னத்துக்கு?" என்றார் வர்க்கிச்சன்.

"ஒற்றமரம் ஊருக்குப் போற ஏத்தத்து மண்ணு, சேட்டா. காலையிலதான் தோண்டினேன். கொஞ்சம் தண்ணி குடுங்க."

எல்சம்மாவின் கணவன் சாக்கோச்சன் அதற்குள் கடை வாசலில் மாட்டியிருந்த அகல டயரின் முன்னால் போய் நின்றுகொண்டான். ரப்பரில் பெரிய பெரிய பட்டன்களாகப் புடைப்பு, பக்கவாட்டில் வெள்ளை எழுத்து. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அவன் ஒரு டீக்கடையில் பொரோட்டா போடுகிறவன். வண்டி ஓட்டத் தெரியாது, மலை வளைவில் கண்ணை மூடிக்கொள்வான். ஆனால் வண்டி பார்க்க எப்படி இருக்கவேண்டும் என்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"எல்சி, இதைப் போட்டா நம்ம ஜீப்பு யானை மாதிரி நிக்கும்டீ."

"நிக்கறதுக்கா இச்சாயா டயர் வாங்குறோம்?"

அவள் மண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். அகல டயரை இறக்கச் சொல்லி, பட்டன்களுக்கு நடுவே களிமண்ணை அழுத்தி அப்பினாள். வர்க்கிச்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். டயரைத் தூக்கி மூன்று தடவை தரையில் போட்டாள். மண் அசையவில்லை, பல்லிடுக்கில் சிக்கிய கப்பைக் கிழங்குபோல் உட்கார்ந்திருந்தது. அடுத்த டயர், அதற்கடுத்த டயர். கடைசியில் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஒல்லியான, உயரமான மண் டயர். பட்டன்களுக்கு நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. மண்ணை அப்பி ஒரே தடவைதான் போட்டாள். கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"இதுல அஞ்சு குடுங்க. ஸ்டெப்னிக்கும் சேத்து."

"சேச்சி, நல்லா யோசிச்சுக்கங்க. இது பழைய மாடல். பசங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் சேட்டா. அங்க சேறு ஒரு சாண் தான். அடியில பாறை. அகல டயர் சேத்து மேல வழுக்கிக்கிட்டே இருக்கும். இது வெட்டிக்கிட்டு உள்ள போய்ப் பாறையைப் பிடிக்கும்."

அது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலையில் அந்த ஏற்றத்தின் ஓரத்தில் வாய்க்கால் வெட்டிய பெண்களில் அவளும் ஒருத்தி. மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் பாறையில் மோதித் தோள்வரைக்கும் அதிர்ந்ததை உடம்பு மறக்குமா. அவர்களுடைய துண்டு நிலத்தில் அந்த வருஷம் விளைந்த ஏலக்காய் முழுக்க ஐந்து டயராக மாறி ஜீப்பில் ஏறியது. சாக்கோச்சன் வீடுவரைக்கும் அகல டயரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

எல்சம்மா ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டது யாரும் சொல்லிக் கொடுத்தல்ல. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தபோது, டிரைவர்கள் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டுக் கட்டன்காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய், ஒருநாள் தானே ஏறி நகர்த்தினாள். சுவரில் ஒரு இடி, காப்பிச் செடியில் ஒரு இடி, மூன்றாவது தடவை நேராகப் போனாள். அப்புறம் லைசன்ஸ், அப்புறம் ஒரு பழைய ஜீப், அப்புறம் ஜங்ஷன் ஜீப் ஸ்டாண்டில் ஓர் இடம். அந்த இடம் எப்போதும் வரிசையின் கடைசி இடம். நான்கு வருஷமாக மிச்சம் மீதி டிரிப்புதான் அவளுக்கு. ஒற்றமரம் ரூட் கிடைத்தால் வரிசையும் கிடையாது, கெஞ்சலும் கிடையாது. அவளுக்கு அது வேண்டும். தூக்கத்திலும் அந்த ஏற்றத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்டாண்டில் ஒரு வழக்கம். இடவ மாதத்துப் பருவமழை பிடித்த பிறகு வரும் முதல் ஞாயிறு, குர்பானைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து எல்லாரும் நேராக ஏற்றத்தின் அடிக்கு வருவார்கள். விருப்பமுள்ள டிரைவர்கள் காலி ஜீப்பில் மேலே ஏறலாம், ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஏறியவர்களில் யாருடைய வண்டியில் ஒற்றமரத்துக்காரர்கள் ஏறி உட்கார்ந்து இறங்கி வருகிறார்களோ, மழை முடியும்வரை ரூட் அவருக்கு. ஒன்பது வருஷமாக அது பைலிச்சேட்டனுக்கு. ஆள் ஆறடி உயரம், குரல் அதைவிட உயரம். கெட்டிக்கார டிரைவர், அதை யாரும் மறுக்க முடியாது. அவரே மறக்கவிடமாட்டார்.

அந்த ஞாயிறு மழை கொஞ்சம் விட்டு, புகைபோல் மூடுபனி நின்றது. எல்சம்மாவின் ஜீப்பைப் பார்த்ததும் பைலி குனிந்து முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.

"எல்சம்மே, ஜீப்புக்கு சைக்கிள் டயர் போட்டிருக்கியே, மணி வாங்கலையா?"

"மணி நீங்க இருக்கீங்களே சேட்டா. ஸ்டாண்டு முழுக்கக் கேக்குது."

கூட்டம் சிரித்தது. சாக்கோச்சன் மட்டும் சிரிக்கவில்லை, அவன் ஏற்கனவே கண்ணை மூடியிருந்தான்.

அவள் முறை வந்தது. ஃபோர் வீல் போட்டு, லோ கியரில் மெல்ல விட்டாள். சேற்றில் டயர் இறங்கியது, வெட்டியது, அடிப்பாறை கிடைத்தது. வாயும் மனசும் சேர்ந்து சிரித்தன அவளுக்கு. கடையில் உதிர்ந்தது போலவே மண் கட்டி கட்டியாகப் பின்னால் பறந்தது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, கீழே விசில் சத்தம். அதற்கு மேலே ஒரு சறுக்குப்பாறை உண்டு, நான்கு ஆள் நீளம், மழைத் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அதில் சக்கரம் ஏறியதும் சோப்பில் கால் வைத்ததுபோல் சுழன்றது. வண்டி பின்னால் நழுவியது. பிரேக்கில் ஏறி நின்று, ஓரத்து மண்திட்டில் வாலை முட்ட வைத்து நிறுத்தினாள்.

ஒரு வாய்ப்பு போயிற்று. வழிவிடுவதற்காகப் பாதி தூரம் பின்னால் இறக்கி நிறுத்திவிட்டு, கோபத்தோடு நடந்து மேலே போய்ப் பார்த்தாள். பாறையில் டயர் உரசிய கறுப்புத் தடம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. டயரோ ஒரு சாண் அகலம். நடுப் பட்டன் மட்டுமே பாறையைத் தொட்டிருக்கிறது, ஓரத்துப் பட்டன்கள் சும்மா வேடிக்கை பார்த்திருக்கின்றன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையில் எழுந்ததும் டயரில் கல்போலக் காற்று அடிப்பது ஸ்டாண்டுக்காரர்களுக்குக் குளிப்பது, ஜெபம் சொல்வது மாதிரி. பதினைந்து பேரை அடைத்து ஓட்டுகிற வண்டிக்கு அது சரி. இன்று காலி வண்டி, ஆனாலும் பழக்கதோஷத்தில் அவளும் அடித்துக்கொண்டு வந்திருந்தாள். டயருக்கு மண் பார்த்தவள் காற்றைப் பார்க்கவில்லை. வாகமண் மலையில் ஜீப் ரேஸ் விடுகிற பசங்களானால் சேற்றைக் கண்டதுமே காற்றை இறக்கிவிடுவார்கள். ஸ்டாண்டிலோ தொய்ந்த டயரோடு நிற்பது வேட்டி அவிழ்ந்து நிற்பதற்குச் சமம்.

எல்சம்மா ஜீப்புக்கு இறங்கி வந்து, டயர் பக்கத்தில் உட்கார்ந்து, சாவி முனையால் வால்வை அமுக்கினாள். புஸ்ஸென்ற சத்தம் கீழேவரைக்கும் கேட்டது.

"பஞ்சரா?" என்று கத்தினார் பைலி.

"இல்ல சேட்டா, நானே எறக்குறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா பெண்ணே? திருப்புறப்ப டயர் ரிம்மை விட்டு வெளிய வந்துரும்."

அது உண்மைதான். பயமாகத்தான் இருந்தது. நான்கு டயரும் வயிறு பிதுங்கி உட்காரும்வரை இறக்கினாள். இரண்டாவது வாய்ப்பில் ஸ்டியரிங்கைக் கொஞ்சமும் வெட்டாமல், வளைவுகளைப் பெரிதாக எடுத்து, சறுக்குப்பாறைக்கு வந்தாள். டயர் பாறையில் பரந்து படிந்தது. ஒரு கணம் நின்றது, பிடித்தது, ஏறியது. அவளே அறியாமல் உரக்கப் பாடினாள், அதுவும் சர்ச்சில் பாடுகிற பாட்டு. இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

மேலே ஒற்றமரத்துக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். கீழே சர்ச் ஹாலில் அன்று ஒரு கல்யாண விருந்து. பட்டுப் புடவையும் கஞ்சி மொடமொடப்பு வேட்டியுமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்சம்மா இறங்கி நின்று பெருமூச்சு விடுவதற்குள் பைலியின் ஜீப்பும் உறுமிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒன்பது வருஷத்துக் கைப்பழக்கம், முதல் வாய்ப்பிலேயே ஏறிவிட்டார்.

"ஏறுங்க, ஏறுங்க. பிரியாணி ஆறிடும்" என்றார் பைலி. "அவ வண்டியில ஏற முடியாது. தொய்ஞ்ச டயருல பன்னண்டு பேரு ஏறினா டயரு கிழிஞ்சிரும்."

எல்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஏறுவதையே நினைத்துக்கொண்டிருந்தவள் ஆட்களோடு இறங்குவதை நினைக்கவில்லை. பம்பு ஸ்டாண்டில் கிடக்கிறது. இவ்வளவு தூரம் வந்தும் கைநழுவிப் போகிறதே.

அங்கன்வாடி டீச்சர் தங்கமணி பைலியின் ஜீப்பைப் பார்த்தாள், எல்சம்மாவின் டயரைப் பார்த்தாள்.

"எல்சம்மே, பைலிச்சேட்டன் மாதிரி ஆள் நிறையற வரைக்கும் வண்டியை எடுக்காம எங்களை மழையில நிக்க வைப்பியா?"

"மாட்டேன் டீச்சர்."

"மழை பலத்தா பாதி வழியில கலுங்குப் பாலத்துலயே எறக்கிவிட்டு, மிச்சத்தை நடந்துக்கோன்னு சொல்லுவியா?"

"அப்படிச் சொல்லாம இருக்கத்தானே இந்த டயரே வாங்கினேன் டீச்சர்."

டீச்சர் திரும்பி, "வாலிபால் கிளப்புல பம்பு இருக்குல்ல, எடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஒற்றமரத்தில் எதற்குப் பஞ்சமிருந்தாலும் வாலிபாலுக்குப் பஞ்சமில்லை. நின்று அடிக்கிற கைப்பம்பு வந்தது. பந்துக்குக் குத்துகிற ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயை டயர் வால்வில் மாட்டினார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்ட கூட்டம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஆளுக்கு ஐம்பது அடி என்று முறை வைத்து அடித்தது. வியர்வையில் பவுடர் வழிந்தது. விட்டிருந்த மழை மறுபடி பிடித்தது. யாரும் பைலியின் ஜீப் பக்கம் போகவில்லை. எல்சம்மா ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டே அழுதாள், சிரித்தாள், எதைச் செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பைலி தன் ஜீப்பின் பானட்டில் சாய்ந்து, காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று டயர் முடிந்து நான்காவதற்கு வந்தபோது ஆட்களின் கை தொய்ந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"என்ன அடி அடிக்கிறீங்க, கொசுவா அடிக்கிறீங்க? தள்ளுங்க."

வந்து பம்பைப் பிடுங்கினார். அந்தக் கடைசி டயரை ஒரே மூச்சில், எல்லாரையும் திட்டிக்கொண்டே, அவர்தான் அடித்து முடித்தார். வால்வு மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்து, எல்சம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பாறையில பிரேக்கைத் தொடாத, கியர்லயே எறக்கு. நீ முன்னாடி போ. மீதி ஆளுங்களை நான் ஏத்திட்டு வரேன்."